வழுவும் வழுவமைதியும்
(கணினி நிரலில் ஒப்பீடு பற்றிய ஒரு பாடம்)

கணினி நிரலில் நேரும் பிழைக்குத் தமிழில் வழு என்று பெயர். அதனைத் தேடிக் களைதல் வழுநீக்கல். இச்சொல் கணினிக்கென்று புதிதாகப் பிறந்ததன்று. இலக்கண நூல்களில் பல நூற்றாண்டுகளாக வழங்கி வந்த சொல். பெயர் பொருந்தியிருத்தல் போலப் பொருளும் பொருந்தியிருக்கின்றது என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாசிரியனுக்குக் கணினியில் என்ன அலுவல் என்று கேட்பார்க்கு விடை நம் ஊரிலேயே உண்டு. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர். அவருடைய யாழ்நூலைத் திறந்தோர் அதன்கண் இசையோடு கணிதமும் கலந்திருத்தலைக் காண்பர்.

நன்னூலார் வழுவை ஏழாக வகுத்தார். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிலும் மயக்கம் நேரின் அது வழுவாம். "அவன் வந்தது" என்பது திணைவழு. எழுவாய் உயர்திணையாய் நிற்க, முடிக்கும் சொல் அஃறிணையாய் வந்தது. ஒரு சொல் எத்திணையது என்று தெளிந்த பின்னரே அதற்கு வினைமுடிபு கொடுத்தல் வேண்டும் என்பது நாம் கீழ் வகுப்பிலேயே கற்ற பாடம்.

கணினிக்கும் அவ்வாறே. அதனிடம் கொடுக்கப்படும் தரவு ஒவ்வொன்றும் ஒரு வகையைச் சார்ந்தது. 75 என்று வாளா எழுதின் அஃது எண். "75" என்று மேற்கோட் குறிக்குள் எழுதின் அஃது எழுத்துச் சரம். அதாவது ஏழு என்னும் குறியும் ஐந்து என்னும் குறியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது. பார்வைக்கு இரண்டும் ஒன்று, திணையால் வேறு. கூட்டல், பெருக்கல், ஒப்பிடல் என்பவை வினைமுற்றுக்கள் போல்வன. எழுவாயின் திணை அறியாது வினைமுற்றைச் சேர்ப்பவன் நிரலிலே திணைவழுச் செய்தவனாகின்றான்.

இணையப் பக்கங்களுக்கு எழுதப்படும் நிரல்களில் இவ்வழு மிகுதி. காரணம் யாதெனில், படிவத்திலே ஒருவர் தட்டச்சிடுவது யாவும், அஃது எண்ணே ஆயினும், நிரலிடம் சரமாகவே வந்து சேர்கின்றது. பெட்டியை எண்ணுக்குரிய பெட்டி என்று அறிவித்திருந்தாலும் அதன் மதிப்பைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் மொழி சரத்தையே தரும். உயர்தர வகுப்பு மாணாக்கர் பயிலும் பிஎச்பி மொழியிலும் படிவத்து வரவு சரமே.

ஓர் உதாரணம் காண்போம். தவணைப் பரீட்சையில் ஒரு மாணவன் தமிழிற் பெற்ற புள்ளி 75; கணிதத்திற் பெற்றது 80. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி காணும்படி ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதப்பட்டது. விடை 3790 என்று வந்தது. அம்மொழியிலே கூட்டற்குறிக்கு இரு தொழில் உண்டு. இருபுறமும் எண்ணாயின் கூட்டும். ஒருபுறமேனும் சரமாயின் ஒட்டும். ஆகவே "75" உடன் "80" ஐ ஒட்டி "7580" ஆக்கிற்று. வகுத்தற்குறிக்கோ ஒரு தொழிலே உண்டு. அதனால் அச்சரத்தைத் தானே எண்ணாக மாற்றி வகுத்துத் தந்தது. ஒரே வரியிலே முதலில் எண்ணைச் சரமாகக் கொண்டு, பின் சரத்தை எண்ணாகக் கொண்டது. ஆயினும் 3790 என்னும் விடை அத்துணைத் தீங்குடையதன்று. நூற்றுக்கு மூவாயிரம் புள்ளி வாங்கியவர் எவருமிலர் என்று காண்போர் உடனே ஐயுறுவர். ஐயம் எழுப்பாத வழுவே அஞ்சத்தக்கது.

அத்தகையது வரிசைப்படுத்தலில் உண்டு. 100, 9, 75, 68 எனும் புள்ளிகளைச் சரமாகக் கொண்டு உயர்ந்தது முதலாக வரிசைப்படுத்தினால் 9, 75, 68, 100 என்று வரும். சரங்களை ஒப்பிடும்போது கணினி அகராதி பார்ப்பவன் போல முதற் குறியை முதற் குறியோடு ஒப்பிடுகின்றது. ஒன்பது என்னும் குறி ஒன்று என்னும் குறியிலும் பெரிது. அதற்கு மேல் அது பார்ப்பதில்லை. நூறு புள்ளி பெற்ற பிள்ளை கடைசியிலும், ஒன்பது பெற்ற பிள்ளை முதலிலும் நிற்பர். இதிலே கவனிக்கத்தக்கது ஒன்று. வகுப்பில் எல்லாரும் ஈரிலக்கப் புள்ளி பெற்றிருக்கும் தவணைகளில் இந்நிரல் பழுதின்றி ஓடும். இரண்டு ஆண்டு ஒழுங்காக ஓடியதென்று எழுதியவன் மகிழ்ந்திருப்பான். ஒருவர் நூறு பெற்ற அன்றைக்கே வழு வெளிப்படும். அன்று பாதிப்படைவதும் அந்த நூறு பெற்ற பிள்ளையே. ஜாவாஸ்கிரிப்டின் வரிசைப்படுத்தற் கட்டளையோ, வேறு விதி சொல்லாவிடின், உண்மையான எண்களையும் சரமாக்கியே ஒப்பிடும் இயல்புடையது. ஆதலின் திணை சரியாயிருந்தும் அங்கே வழு நேரும். எண்ணாக ஒப்பிடுக என்று விதியை உடன் கொடுத்தல் வேண்டும்.

இதனினும் பெரியதொன்று வரவின்மை. காய்ச்சலாற் பரீட்சைக்கு வாராத பிள்ளைக்குப் புள்ளிக் கட்டத்தை வெறுமையாக விடுகின்றோம். அவ்வெறுஞ்சரத்தை எண்ணாக்கு என்றால் ஜாவாஸ்கிரிப்ட் பூச்சியம் என்று விடை தரும். பரீட்சைக்கு வாராமையும், வந்து ஒன்றும் எழுதாமையும் ஒன்றாகிவிடுகின்றன. அறிக்கையிலே பிள்ளைக்குப் பூச்சியம், சராசரி குறைவு, வகுப்பு வரிசையிலே கடைசி. ஆசிரியர் எவரும் தம் கையால் எழுதாத பூச்சியம் அது. இந்த ஒரு காரணம் பற்றியேனும் புள்ளிக் கணக்கை நிரலிடம் ஒப்புவிக்கும் பாடசாலைகள் வெறுங்கட்டத்தை முதலிற் சோதித்து விலக்கிய பின்னரே எண்ணாக்கல் வேண்டும்.

நிற்க. நன்னூலார் வழுவைக் கூறியதோடு அமையாது வழுவமைதியும் கூறினார். மாடு வளர்ப்பவர் தம் பசுவைக் கண்டு "என் செல்லம் வந்தாள்" என்பர். அஃறிணையை உயர்திணையாற் கூறினமையின் இது வழுவே. ஆயினும் உவப்பினாற் கூறியதாகலின் அமைக்கப்படும். உவப்பு, உயர்வு, சிறப்பு முதலிய காரணங்களை ஆசிரியர் எண்ணிக் கூறியிருக்கின்றார். காரணம் இன்றேல் அமைதி இல்லை. பேசுவோன் அறிந்து செய்வதே வழுவமைதி. அறியாது செய்வது வழு.

ஜாவாஸ்கிரிப்டிலே சமன் பார்க்கும் குறி இரண்டு உண்டு. == என்னும் இரட்டைக்குறி, இருபுறத்துத் திணையும் வேறாயின் ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் பார்த்துச் சமன் என்றோ அன்று என்றோ கூறும். === என்னும் முக்குறி அவ்வாறு மாற்றுவதில்லை; திணை வேறாயின் அந்நிலையிலேயே சமனன்று என்றுவிடும். இம்மொழியை 1995 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்திலே பிரெண்டன் ஐக் என்பவர் பத்து நாளில் முதலில் ஆக்கினார். அக்காலத்து இரட்டைக்குறி மட்டுமே இருந்தது. 1999 இல் வெளியான தரநூலின் மூன்றாம் பதிப்பில் முக்குறியும் இடம்பெற்றது. பழைய இணையப் பக்கங்கள் கெட்டுவிடாதிருத்தற் பொருட்டு இரட்டைக்குறியும் இன்றுவரை விலக்கப்படாமல் இருக்கின்றது.

இரட்டைக்குறி செய்வது வழுவமைதியா? அன்று என்பது எம் கருத்து. வெறுஞ்சரம் 0 என்னும் எண்ணுக்குச் சமன் என்று அது கூறும். "0" என்னும் சரமும் 0 என்னும் எண்ணுக்குச் சமன் என்று கூறும். ஆயின் வெறுஞ்சரமும் "0" உம் தம்முட் சமனோ எனின், இல்லை என்னும். ஒன்றுக்குச் சமனான இரண்டு தம்முட் சமனாம் என்று யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்திற் கற்ற நமக்கு இது வியப்பாகவே தோன்றும். இங்கே திணைமாற்றத்துக்குக் காரணம் நிரலாளன் உள்ளத்தில் இல்லை. மொழியின் விதியில் இருக்கின்றது. பேசுவோன் அறியாத அமைதி எங்ஙனம் அமைதியாகும்? மாற்ற வேண்டுமாயின் நிரலாளன் தானே வெளிப்படையாக "எண்ணாக்குக" என்று எழுதி மாற்றி, அதன்பின் முக்குறியால் ஒப்பிடுதலே முறை.

பிஎச்பி மொழியும் இவ்வகையில் இளகிய மனமுடையது. பூச்சியம் என்னும் எண்ணும் "வாவி" என்னும் சரமும் சமன் என்று நெடுங்காலம் அது கூறி வந்தது. 2020 நவம்பரில் வெளிவந்த எட்டாம் பதிப்பிலேதான் அவ்விதி திருத்தப்பட்டது. ஆயினும் எண் போலத் தோன்றும் இரு சரங்களை இரட்டைக்குறியால் ஒப்பிடின் இன்றும் எண்ணாகவே ஒப்பிடும். நூலகத்திலே ஒரு புத்தகத்துக்கு "2ஈ3" என்று அடையாளம் இட்டிருப்பதாகக் கொள்வோம்; நடுவில் நிற்பது ஆங்கில ஈ எழுத்து. மற்றொரு புத்தகத்தின் இலக்கம் "2000". இவ்விரண்டும் ஒன்றென்று பிஎச்பி கூறும்; ஏனெனில் விஞ்ஞான முறைக் குறியீட்டிலே அவ்வெழுத்து பத்தின் அடுக்கைக் குறிப்பது. பைதன் மொழியோ கண்டிப்பான ஆசிரியர் போல்வது. அங்கே 5 உம் "5" உம் ஒருபோதும் சமனல்ல. ஒன்றோடொன்று கூட்டவோ சிறிது பெரிது பார்க்கவோ முயன்றால் நிரலையே நிறுத்திவிடும். தொடக்கத்து மாணாக்கர் இதனை வெறுப்பர். நிறுத்தப்படுதல் நன்றென்பது புள்ளி அறிக்கை அச்சேறிய பின்னர்த் தெரியும்.

அவ்வாறாயின் எதனை எண்ணாகவும் எதனைச் சரமாகவும் கொள்வது? இலக்கத்தால் எழுதப்படுவதெல்லாம் எண்ணன்று. கூட்டிப் பார்த்தாற் பொருள் தருமா என்று வினவுக. இருவர் புள்ளியைக் கூட்டலாம். இருவர் தொலைபேசி இலக்கத்தைக் கூட்டுவார் இல்லை. மட்டக்களப்பின் தொலைபேசிக் குறியீடு 065. அதனை எண்ணாக்கினால் முன்னிற்கும் பூச்சியம் மறைந்து 65 ஆகும், அழைப்புப் போகாது. பழைய தேசிய அடையாள அட்டை ஒன்பது இலக்கமும் ஈற்றில் ஓர் ஆங்கில எழுத்தும் உடையது. 2016 முதல் வழங்கப்படுவது பன்னிரண்டு இலக்கம் உடையது. இரண்டாவதைச் சோதித்து நிரலை எழுதியவர் அதனை எண்ணென்று கொண்டால், மூத்தோரின் பழைய அட்டை வரும்போது "எண்ணன்று" என்னும் மதிப்பு உண்டாகும். அம்மதிப்புத் தனக்குத்தானே சமனாகாத இயல்பினது. எனவே அம்மூத்தவரை எத்தனை முறை தேடினும் கிடையார். அடையாள இலக்கம், சுட்டெண், தொலைபேசி இலக்கம் என்பன இலக்கத்தால் எழுதிய பெயர்களே என்று கொள்க.

வழு ஏற்பட்டவிடத்து அதனைக் காணும் வழியும் கூறுவோம். ஒப்பீட்டு வரியையே உற்று நோக்கிக்கொண்டிருத்தல் பயன் தராது. ஒப்பீட்டுக்கு முந்திய வரியிலே இருபுறத்து மதிப்பையும், அவற்றின் வகையையும், சரமாயின் நீளத்தையும் கொன்சோல் எனப்படும் சாளரத்தில் எழுதும்படி செய்க. வகையைக் கூறுதற்கு டைப்ஓஃப் என்னும் கட்டளை உண்டு. மதிப்பை எழுதும்போது முன்னும் பின்னும் ஒவ்வோர் அடைப்புக்குறி இட்டு எழுதுக. "அருள்" என்னும் பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். வகை வேறாயின் வழு கிடைத்துவிட்டது. திருத்தத்தை ஒப்பீட்டு வரியிலே செய்யாது, தரவு நிரலுக்குள் நுழையும் வாயிலிலே செய்க. வாயிலில் ஒருமுறை திணை தெளிந்தால் உள்ளே நூறிடத்தில் ஐயுற வேண்டியதில்லை.

வகையும் ஒன்று, தோற்றமும் ஒன்று, எனினும் சமனன்று என்று கணினி கூறுமாயின் என் செய்வது? தமிழர்க்கே சிறப்பாக உரிய இடர் இங்கேதான் தொடங்குகின்றது. ஆங்கில நூல்கள் இதனை விரிவாகக் கூறுவதில்லை. ஆதலின் சற்றே நின்று பார்ப்போம்.

வாவிக்கு மேற்கே உள்ள கொக்கட்டிச்சோலையை எல்லாரும் அறிவர். அவ்வூர்ப் பெயரைக் கணினி யூனிகோட் முறையில் குறியெண்களின் தொடராகச் சேமிக்கின்றது. "கொ" என்பதைக் ககரமும் ஒகரக் குறியுமாக இரு குறியெண்ணால் எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என மூன்றாலும் எழுதலாம். திரையிலே இரண்டும் ஒன்றே. "சோ" என்பதற்கும் அவ்வாறே இருவழி. ஆகவே கொக்கட்டிச்சோலை என்னும் ஒரே சொல் நான்கு வெவ்வேறு தொடராகச் சேமிக்கப்படக்கூடும். நீளம் 15 ஆகவும் 16 ஆகவும் 17 ஆகவும் இருக்கும். முக்குறியால் ஒப்பிட்டால் நான்கும் வேறு வேறு ஊர்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட ஏடுகளிற் பிரிந்த வடிவம் பெரும்பாலும் காணப்படும். அங்கே கொம்பும் காலும் தனித்தனியே தட்டச்சிடப்பட்டவை. இதற்கு மருந்து 2015 ஆம் ஆண்டுப் பதிப்பில் ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்த நோர்மலைஸ் என்னும் கட்டளை. இருபுறமும் அதனைச் செலுத்தினால் நான்கும் ஒன்றாகும்.

அம்மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது. கௌரி என்னும் பெயரில் ஔகாரக் குறியை இட வேண்டியவர் கொம்பும் ளகர எழுத்தும் இட்டு எழுதிவிடுகின்றனர். கண்ணுக்கு வேறுபாடு அரிது. இலக்கணத்திலோ அது "கெ" "ள" என்னும் ஈரெழுத்து. நோர்மலைஸ் இதனைத் தொடாது, தொடவும் கூடாது, ஏனெனில் "கெள" என்று உண்மையிலேயே எழுத வேண்டிய இடமும் இருக்கலாம். ஔவையை ஒகரமும் ளகரமுமாக எழுதுதலும் இதுவே. இன்னும் நுண்ணியது ஸ்ரீ. அது ஸகரத்தை முதலாகக் கொண்டும் ஶகரத்தை முதலாகக் கொண்டும் எழுதப்படுகின்றது. இரண்டும் ஒரே வடிவாகத் திரையில் தோன்றுகின்றன. யூனிகோட் இரண்டையும் சமனென்று கொள்வதில்லை. ஸ்ரீதரன் என்னும் பெயருடைய பழைய மாணவரைத் தேடுவோர் இரு வழியாலும் தேடுதல் வேண்டும், அல்லது வாயிலிலே ஒன்றை மற்றொன்றாக மாற்றும் விதியைத் தாமே எழுதுதல் வேண்டும். எகரமும் ஏழு என்னும் தமிழ் இலக்கமும் வடிவொத்தவை என்பதையும் மறவாதிருக்க.

ஈழத்தில் மிகப் பரவியிருந்த பாமினி எழுத்துருவில் அமைந்த பட்டியல்களின் நிலை வேறு. அங்கே தமிழ் என்று திரையில் காண்பது உள்ளே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். அதனை யூனிகோட் தமிழோடு ஒப்பிடுதல் மரைக்காலையும் முழக்கோலையும் ஒப்பிடுதல் போலாம். முழுவதையும் மாற்றிய பின்னரே தேடலைப் பற்றி எண்ணலாம்.

இவையெல்லாம் எழுத்தெண்ணிப் பார்ப்பார்க்கே உரிய வீண் நுணுக்கம் என்று சொல்லத் தோன்றும். 1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளியும் 2004 டிசம்பர் 26 ஆம் நாட் கடற்கோளும் இக்கரையோரத்து வீடுகளில் எவற்றையெல்லாம் கொண்டுபோயின என்று நம்மவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. சான்றிதழ் இழந்தவருக்குப் பாடசாலைச் சேர்வு இடாப்பிலுள்ள ஒரு வரியே சான்றாகக் கூடும். அவ்விடாப்பைக் கணினியில் ஏற்றிய பின்னர், பெயர் உள்ளே இருக்க, "அப்பெயர் இல்லை" என்று நிரல் விடை கூறுமாயின், கேட்டு வந்தவர் அதனை நம்பித் திரும்பிப்போவார். தேடியும் கிடைக்காதவிடத்து "இல்லை" என்று கூறாது, ஒத்த வடிவங்களையும் காட்டி மனிதர் பார்வைக்கு விடுதலே இடாப்பு நிரலுக்கு முறை.

வரிசை பற்றி ஒரு சொல். யூனிகோட்டிலே தமிழெழுத்தின் வைப்பு இந்திய மொழிகளுக்குப் பொதுவான ஒழுங்கைப் பின்பற்றியது. நம் நெடுங்கணக்கை முற்றும் பின்பற்றியதன்று. னகரம் நகரத்தை அடுத்தும் பகரத்துக்கு முன்னும் நிற்கின்றது. ஆதலின் வெறும் ஒப்பீட்டால் வரிசைப்படுத்தின் "அன்பு" முன்னும் "அப்பு" பின்னும் வரும். தமிழ் வரிசை வேண்டுவோர், மொழியைத் தமிழென்று குறிப்பிட்டு ஒப்பிடும் கட்டளையைப் பயன்படுத்துக.

மாணாக்கர் தாமே செய்து பார்த்தற்குச் சில கூறி முடிப்போம். "20" < "3" என்பதும், 20 < 3 என்பதும், "20" < 3 என்பதும் என்ன விடை தரும் என்று முதலில் தாளில் எழுதிவிட்டுப் பின் கணினியிற் சோதிக்க. ௧௦ என்று தமிழிலக்கத்தால் எழுதிய சரத்தை ஜாவாஸ்கிரிப்டிலும் பைதனிலும் எண்ணாக்கிப் பார்க்க. ஒன்று மறுக்கும், ஒன்று பத்தென்று ஏற்கும். மட்டக்களப்பு என்னும் சொல்லின் நீளம் யாதென்று கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 12 என்னும். நம் இலக்கணப்படி எழுத்து எட்டு. எந்தக் குறிகளை எண்ணாது விட்டால் எட்டு வரும் என்று கண்டு, அவ்வாறு எண்ணும் நிரல் ஒன்று எழுதுக. அதனைக் கொக்கட்டிச்சோலையின் நான்கு வடிவத்திலும் ஓட்டி, நான்கிலும் எட்டே வருகின்றதா என்று பார்க்க.